கண்மாய் ஒருவருக்கு, குழாய் இன்னொருவருக்கு

குழாயில் தண்ணீர் வராவிட்டால் கவுன்சிலரிடம் போகிறோம். தென்கால் கண்மாயில் சாக்கடை கலந்தாலும் அவரிடமே போகிறோம். பக்கத்து மனையில் போர் போட்டு இரவும் பகலும் லாரியில் ஏற்றினாலும் அவர்தான். ஆனால் இந்த மூன்றுக்கும் பொறுப்பு ஒரே அலுவலகம் அல்ல. நம் மனுக்கள் சுற்றிச் சுற்றி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

2011 வரை திருப்பரங்குன்றம் தனி நகராட்சி. அந்த ஆண்டு அவனியாபுரம், ஆனையூர், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி ஆகியவற்றோடு நாமும் மதுரை மாநகராட்சியில் சேர்ந்தோம். 72 வார்டுகள் 100 ஆயின. 52 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு சுமார் 148 ஆனது. தண்ணீர் அப்படிப் பெருகவில்லை. லோயர் கேம்ப்பிலிருந்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டுவரும் திட்டம் போட வேண்டியிருந்தது.

தூரத்து நீர் இருக்கட்டும், ஊர் நீரைப் பார்ப்போம். வைகையிலிருந்து நிலையூர் கால்வாய் வழியாகத் தென்கால் நிறைகிறது. கால்வாயும் கண்மாயும் நீர்வளத்துறை வசம். 2021 வரை அது பொதுப்பணித்துறைக்குள் இருந்தது. வயலுக்காக வெட்டிய கண்மாய்தான். ஆனால் அது நிறைந்தால் சுற்றியுள்ள தெருக்களில் போர் ஊறும், வற்றினால் மோட்டார் காற்று வாங்கும். பாசனம் பார்க்கும் துறைக்கு வீட்டுப் போர் கணக்கில் வராது. குழாய் பார்க்கும் மாநகராட்சிக்கோ கண்மாய் தன்னுடையதல்ல. சாக்கடையைத் தடுக்க வேண்டியவர் ஒருவர், அது விழும் இடத்துக்குச் சொந்தக்காரர் வேறொருவர்!

நிலத்தடி நீர் கதை இன்னும் மோசம். அதற்காக 2003-ல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013-ல் ரத்தானது. அதே 2003-ல் வந்த மழைநீர் சேகரிப்பு மட்டும் வீடு வீடாக வந்தது. கட்டட அனுமதி தருகிற அலுவலகமே அதையும் பார்க்க வேண்டும் என்று வைத்ததுதான் வித்தியாசம். பிறகு பலர் அந்தக் குழியைத் தூர்வாராமல் விட்டது நம் குறை.

சென்னையில் 1978 சட்டப்படி குடிநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே வாரியம். ஆனாலும் ஏரிகள் அங்கும் தனித் துறையிடம்தான். ஆகவே இன்னொரு வாரியம் அமைப்பதால் மட்டும் தீராது. ஒரு கண்மாய்க்கு ஒரு பொறுப்பு அதிகாரி, அவர் முன் இரண்டு துறையும் உட்கார வேண்டும், மழைக்கு முன் செய்த வேலையை மக்கள் முன் வைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கையாக இருக்கலாம்.

இதைக் கேட்க இடம் உண்டு. நகர்ப்புறங்களில் 2022 முதல் வார்டு குழுவும் பகுதி சபையும் வந்துள்ளன. கிராம சபை போலவே நாமும் போய்ப் பேசலாம். பெண்கள் அவசியம் வர வேண்டும், குடத்தோடு காத்திருப்பவர்கள் அவர்கள்தானே. போகும்போது குழாய், கழிவுநீர் இரண்டுக்கும் மாநகராட்சிக்கு ஒரு மனு, கால்வாய், கண்மாய்க்கு நீர்வளத்துறைக்கு ஒரு மனு, இரண்டின் நகலும் கலெக்டர் அலுவலகத்துக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பள்ளிவாசலில் உளூச் செய்த நீர் சாக்கடைக்குப் போகிறதா, உறிஞ்சு குழிக்குப் போகிறதா என்பதை மட்டும் எந்த அலுவலகத்தையும் கேட்க வேண்டியதில்லை. வரும் ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தில் பேசிக்கொள்ளலாம்.