ரயிலில் ஏறத் தடை! தியாகி சிவா தர்மபுரி மண்ணில் உயிர்விட்டது ஏன்?

தர்மபுரி மாவட்டத்தில் கரும்பு போடும் விவசாயிகளைக் கேட்டால், "சுப்பிரமணிய சிவா" என்பது கோபாலபுரத்தில் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலையின் பெயர். வெட்டு ஆர்டர் சீட்டிலும் அந்தப் பெயர்தான்.

பெயருக்கு உரியவர் இந்த ஜில்லாக்காரர் அல்ல. பிறந்தது 1884 அக்டோபர் 4-ந் தேதி, திண்டுக்கல் பக்கம் வத்தலக்குண்டில். இறந்தது 1925 ஜூலை 23-ந் தேதி, வியாழக்கிழமை, தர்மபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில். வயது 40தான். இரண்டு ஊருக்கும் நடுவே 250 கிலோமீட்டருக்கு மேல்!

அங்கே பிறந்தவர் இங்கே வந்து உயிர்விட்டது எப்படி?

(அப்பா பெயர் ராஜமய்யர். "கமலாம்பாள் சரித்திரம்" நாவல் எழுதிய வத்தலக்குண்டு ராஜமய்யர் வேறு ஆள். பெயரும் ஊரும் ஒன்றாக இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

சோறு போட்டதும் குற்றம்!

வழக்கு தொடங்கிய இடம் தூத்துக்குடி. 1908-ம் வருஷம். வெள்ளைக்காரன் கப்பல் கம்பெனிக்குப் போட்டியாக வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் விட்டிருந்த நேரம். கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் வேறு. வ.உ.சி.யோடு மேடை ஏறி நெருப்பாகப் பேசியவர் சிவா. மார்ச் 12-ந் தேதி இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின.

ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். ராஜத்துரோகமாகப் பேசியதற்கு சிவாவுக்கு 10 வருஷம் தீவாந்திர தண்டனை. வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள். ஒன்று அவர் பேசிய பேச்சுக்கு. இன்னொன்று, சிவாவுக்கு இடமும் சோறும் கொடுத்து ஆதரித்ததற்கு! வீட்டுக்கு வந்தவருக்கு இலை போட்டதற்கு ஆயுள் தண்டனை கொடுத்த கோர்ட்டு உலகத்தில் வேறு எங்காவது உண்டா, தெரியவில்லை.

அப்பீலில் சிவாவின் தண்டனை 6 வருஷமாகக் குறைந்தது. திருச்சி ஜெயில், சேலம் ஜெயில் என்று மாற்றி மாற்றி அடைத்தார்கள். 1912 நவம்பரில் வெளியே வந்தார். போகும்போது திடகாத்திரமான வாலிபர். வந்தபோது உடம்பில் தொழுநோய்.

ஆட்டு மயிரால் வந்ததா?

ஜெயிலில் அவரை ஆட்டு மயிரைச் சுத்தம் செய்யும் வேலையில் போட்டார்கள், சுண்ணாம்பும் மயிரும் பட்டுப் பட்டு நோய் வந்தது என்று ஊரில் காலம் காலமாகச் சொல்லுவார்கள்.

வைத்திய சாஸ்திரம் இதை ஒப்புக்கொள்ளாது. தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். மருந்து சாப்பிடாத நோயாளியோடு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நெருங்கி இருந்தால் இருமல், தும்மல் வழியாக ஒட்டலாம். ஒட்டினாலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. வந்தாலும் வெளியே தெரிய சராசரி 5 வருஷம் ஆகும். சுண்ணாம்பு கையைப் புண்ணாக்கும், தொழுநோயைத் தராது.

அதற்காக ஜெயிலை விடுதலை செய்துவிட முடியாது. அடைசலான கொட்டடி, அரை வயிற்றுக் கூழ், முதுகொடிக்கும் வேலை. கிருமிக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

அன்றைக்கு இதற்கு மருந்தும் கிடையாது. நீரடிமுத்து எண்ணெய்தான் கதி. டாப்சோன் மாத்திரை 1940-களில்தான் வந்தது. கூட்டு மருந்து சிகிச்சை 1980-களில். இன்றைக்கு அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டால் குணம்.

நடை, மாட்டுவண்டி

நோயோடு ஓய்ந்து உட்காரவில்லை சிவா. "ஞானபாநு" பத்திரிகை நடத்தினார். ஊர் ஊராகப் பேசினார். 1921-ல் மறுபடி ஜெயில்.

அவரை முடக்க சர்க்காருக்கு நோயே ஆயுதமாகக் கிடைத்தது. தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று தடை! தொற்று வியாதிக்காரரை ஏற்ற மறுக்க ரயில்வே சட்டத்திலேயே இடம் இருந்தது. வாடகை வண்டியில் ஏறவும் தடை போட 1898-ல் தொழுநோயாளர் சட்டம் என்று தனியாகவே ஒன்று போட்டு வைத்திருந்தான் வெள்ளைக்காரன். சுதந்திரம் வந்தும் அந்தச் சட்டம் சாகவில்லை. 2016-ல்தான் ரத்தானது!

மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு அப்போது சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1906-ல் வந்த லைன், 1941-ல் நிறுத்திவிட்டார்கள். சிவா பாப்பாரப்பட்டிக்கு வந்து போன வருஷங்களில் ரயில் இருந்தது, அவருக்கு மட்டும் இல்லை. புண்ணான காலோடு நடந்தார். முடியாதபோது மாட்டுவண்டி.

ஏன் பாப்பாரப்பட்டி?

சேலம் ஜில்லாவில் (தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான்) அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள். அவர்கள் துணையோடு பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கி பாரத ஆசிரமம் அமைத்தார். அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்பதுதான் கடைசி ஆசை. 1923-ல் வங்காளத்திலிருந்து தேசபந்து சித்தரஞ்சன் தாஸே வந்து அடிக்கல் நாட்டினார்.

கல் நட்டாகிவிட்டது, பணம்? அதற்குத்தான் அந்த உடம்போடு ஊர் ஊராக அலைந்தார். தொழுநோய் நேராக ஆளைக் கொல்வது அபூர்வம் என்பார்கள் டாக்டர்கள். கொன்றது புண்ணும், பட்டினியும், அலைச்சலும் சேர்ந்துதான் என்று தோன்றுகிறது. சொந்த ஊர் வத்தலக்குண்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. ஆசிரமத்துக்கே திரும்பினார். அங்கேயே மூச்சு நின்றது. அடிக்கல் நாட்டித் தந்த தாஸும் அதற்கு ஒரு மாதம் முன்னால், 1925 ஜூன் 16-ல், டார்ஜிலிங்கில் காலமாகியிருந்தார்.

கோயில் சிவா இருந்தவரை எழும்பவில்லை. பின்னாளில் மாநில அரசு மணிமண்டபம் கட்டியது. அதே வளாகத்தில் பாரத மாதா நினைவாலயமும் வந்தது. தர்மபுரியிலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.