குடியம் குகை: ஒரு பகல் நடை

சென்னையை அடுத்த மாத்தூரிலிருந்து ஒரு தம்பதி கோடை விடுமுறையில் காலையில் கிளம்பி, காட்டில் நடந்து, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஏற்ற இடம் திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகை. செங்குன்றம், திருவள்ளூர், பூண்டி வழியாகப் போகலாம்.

பாதை முட்புதர்க் காடு, நிழல் குறைவு. தண்ணீரைத் தாராளமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். குகைக்குள் அண்ணாந்து பார்த்தால், சிமென்ட்டில் பதித்ததுபோல் உருண்டைக் கூழாங்கற்கள் பாறையில் இறுகிக் கிடக்கும். இத்தகைய குவார்ட்சைட் கற்களை உடைத்துத்தான் ஆதிமனிதர் கைக்கோடரி செய்தனர். அருகிலுள்ள அதிரம்பாக்கத்தில் நிலவியலாளர்களான ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863-இல் இத்தகைய கைக்கோடரிகளைக் கண்டெடுத்தனர். இத்தகைய கற்கருவிகள் உள்ள பூண்டி அருங்காட்சியகத்தைப் பார்க்காவிட்டால் பயணம் பாதிதான்.

வனத்துறை 2024-இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் இந்தப் பாதையும் உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்யலாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ மலையேறிகளைப் பலிகொண்டது. இத்தகைய ஆபத்தைத் தவிர்க்க, காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.