தேனின் எடையும் மொழியின் விலையும்

சிவகாசிக்கு மேற்கே தெரியும் மலைத்தொடரின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் பளியர்கள் வாழ்கின்றனர். பாறைகளில் மலைத்தேனீ கட்டும் கூடுகளிலிருந்து தேன் எடுப்பது அவர்களின் பரம்பரைத் தொழில். அவர்களது பேச்சு தமிழுக்கு மிக நெருங்கியதே. அப்படியிருக்க, மொழியால் வருமானம் குறைய வழியுண்டா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தேனின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.4. ஆகவே, ஒரு லிட்டர் தேனின் எடை 1.4 கிலோ. வியாபாரி ஒருவர் கிலோவுக்கு 200 ரூபாய் என்று விலை பேசிவிட்டு, லிட்டர் படியில் அளந்து, ‘ஒரு கிலோ’ என்று எழுதுவதாகக் கொள்வோம். தர வேண்டியது 280 ரூபாய், தருவது 200. கிலோவும் லிட்டரும் அந்நியச் சொற்களாக உள்ள ஒருவருக்கு அந்த 80 ரூபாய் போன வழியே தெரியாது. (பருமனையும் நிறையையும் குழப்பும் விடைத்தாள்களை நானும் ஆண்டுதோறும் திருத்துகிறேன்!)

சொல் தெரிந்தால் மட்டும் போதுமா? அதைச் சொல்லி வாதாட வேண்டுமே! 1960-களில் பளியர்களிடையே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், பூசல் என்றால் எதிர்த்து நில்லாமல் விலகிச் செல்வது அவர்கள் பண்பு என எழுதினார். காட்டில் அமைதி காக்கும் இப்பண்பு, பேரம் பேசும் சந்தையில் நட்டமாகிறது என்பது என் கருத்து. அதற்காக அதைக் கைவிடச் சொல்வது நியாயமாகுமா?

சந்தை மொழியைக் கற்றாலும் இடைவெளி முழுதும் மறைவதில்லை. பொலிவியா நாட்டைப் பற்றி 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், தாய்மொழியுடன் ஸ்பானிய மொழியும் பேசியோர், ஸ்பானிய மொழி மட்டும் பேசியோரைவிடக் குறைவாகவே சம்பாதித்தது தெரிந்தது.

வேறு வழியும் உண்டு. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டதால் பிழைப்பிழந்த இருளர்களுக்காக, 1978-இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டனர். விஷமுறிவு மருந்து தயாரிப்போருக்கு அந்த நஞ்சைச் சங்கமே விற்றது. தடம் பார்த்துப் பாம்பைக் கண்டறியும் பழைய அறிவே இங்கே மூலதனம்.

2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். ஆங்கிலம் அறியாத அவர்களுடன் மொழிபெயர்ப்பாளர்கள் சென்றனர். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன! 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வீட்டில் தேன் இருந்தால் 100 மில்லிலிட்டர் அளந்து, தராசில் வைத்துப் பாருங்கள். முள் எங்கே நிற்கிறது?