உண்டது போக எஞ்சியது

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் இராஜகிரியின் அடிவாரத்தில் உள்ள பெரிய தானியக் களஞ்சியத்தைக் கண்டு வியப்பர். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. அக்காலத்தில் மதிலின் வலிமை எத்துணை இன்றியமையாததோ, உள்ளே சேர்த்துவைத்த தானியமும் அத்துணை இன்றியமையாததாயிருந்திருக்கும். இன்றும் செஞ்சியைச் சூழ்ந்த வயல்களில் நெல்லும் மணிலாவும் விளைகின்றன. ஆயினும், பந்தியில் எறியப்படும் இலைகளிலே எத்துணைச் சோறு மண்ணாகின்றது!

மண்ணாவதேனும் நன்றே, அது மண்ணாவதுமில்லை. குப்பைமேட்டின் அடியில் காற்றுப் புகாது அழுகும் சோற்றினின்றும் மீத்தேன் என்னும் வாயு எழுகின்றது. இது கரியமிலவாயுவினும் 25 மடங்குக்கு மேலாக உலகை வெப்பமுறச் செய்வது. ஆனால் கலத்தில் அடைத்துப் பிடிப்பின் இதுவே அடுப்பெரிக்கும். சதுப்பு நிலத்தினின்றும் எழும் இவ்வாயுவை 1776-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய அறிஞர் வோல்டா சேகரித்து ஆராய்ந்தார்.

இதன் முறை யாதெனின், மூடிய தொட்டியொன்றில் முதலில் சாணக்கரைசலை இடுதல் வேண்டும். வேண்டிய நுண்ணுயிர்கள் அதில் உள்ளன. பின்னர்ச் சோறு, காய்கறித் தோல் முதலியவற்றை அரைத்து, நீர் கலந்து, நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றுதல் வேண்டும். ஒருவகை நுண்ணுயிர்கள் உணவைச் சிதைத்துப் புளிப்பாக்கும். மற்றொரு வகையின அப்புளிப்பை மீத்தேனாக்கும். பேராசையால் ஒரேயடியாகச் சோற்றைக் கொட்டின் புளிப்பு மிகும், பின்னவை செயலற்றுப்போம், வாயுவும் நின்றுவிடும். அளவறிந்து உண்ணல் மனிதர்க்கு மட்டும் உரிய அறமன்று போலும்!

இவ்வாறு கிடைக்கும் எரிவாயு ஒரு கன மீட்டர், சற்றேறக்குறைய அரைக்கிலோ சமையல் வாயுவுக்கு ஈடாகும். இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. மீத்தேன் கரியும் ஜலவாயுவும் சேர்ந்தது. ஆதலின் அது வெளியேறிய பின்னும் தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தொட்டியின் குழம்பிலேயே பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. ஒரே சோறு அடுப்புக்குத் தீயும் வயலுக்கு எருவும் ஆகின்றது. நாருள்ள வாழையிலைகளைத் தொட்டியில் இடாது, சாணத்துடன் அடுக்கிக் காற்றுப்படப் புரட்டி மட்கவைத்தல் நன்று. 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட் என்பார், நம் நாட்டு உழவரிடம் கற்றவற்றையும் கொண்டு இத்தகைய எருவாக்கும் முறையை வகுத்து உலகறியச் செய்தார்.

பேரளவிலும் இது செய்யப்பட்டுள்ளது. சென்னைக் கோயம்பேடு அங்காடியின் காய்கறிக் கழிவினின்றும் மின்சாரம் எடுக்க, நாளொன்றுக்கு 30 டன் ஏற்கும் நிலையம் 2005-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. இந்தூரில் 550 டன் ஏற்கும் நிலையம் 2022-இல் திறக்கப்பட்டது. இவற்றிற்கெல்லாம் ஆணிவேர், பிளாஸ்டிக் முதலியன கலவாது கழிவை அவரவர் வீட்டிலேயே பிரித்தலாம். கலந்துவிட்ட குப்பையை எவ்வியந்திரமும் எளிதிற் செம்மை செய்யாது. அதனைக் கையால் பிரிக்கும் துன்பம் துப்புரவுத் தொழிலாளர் தலைமேல் விழுகின்றது.

மாணவ நண்பர்களே! எரிவாயு கிடைக்கும் என்பதற்காகச் சோற்றை வீணாக்குதல் பேதைமை. உண்ணத் தக்கது முதலில் பசித்தவர்க்கும், பின்னர்க் கால்நடைக்கும் உரியது. அதன்பின் எஞ்சியதே தொட்டிக்குரியது. நம் விடுதியின் உண்ணும் அறையில் இரண்டு வாளிகளை வைத்து, எஞ்சுவது எவ்வளவு என்று ஒரு திங்கள் நிறுத்துப் பார்ப்போமாக. அக்கணக்கே நமக்கு முதற்பாடமாகும்.