மோட்டார் வண்டிப் பற்றரிக்கு ஒரு துணைவன்

1990ஆம் ஆண்டிற்குப் பின் வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழ்ந்தோர்க்கு, மோட்டார் வண்டியை இயக்கத் தொடங்குதல் எத்துணைப் பெரும்பாடு என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அருகிப்போக, ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலாற் சில துளி பெற்றோலை முதலில் ஊட்டி எந்திரத்தைச் சுழற்றுவர். பற்றரி வலுவிழந்திருப்பின் கைப்பிடிக் கம்பியே துணை. அன்றேல் அயலவரின் தோள்வலி. இன்றைய தானியங்கிப் பற்சக்கர வண்டிகளுட் பெரும்பாலானவற்றைத் தள்ளி இயக்கவும் இயலாது. அத்தொடக்கக் கணத்திற்குத் துணையாக மீக்கொள்ளளவி என்னுங் கருவி இப்போது கிடைக்கின்றது. அதன் பயனையும் எல்லையையும் ஈண்டு ஆராய்வோம்.

தொடக்கி மோட்டர் ஓரிரு செக்கனுக்கு நூறு, இருநூறு அம்பியர் மின்னை வேண்டி நிற்கும். ஈயவமிலப் பற்றரி இரசாயன மாற்றத்தால் மின்னைத் தருவது. தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படியப் படிய அதன் அகத்தடை ஏறும். அப்போது விளக்கு எரியும், ஊதுகுழலும் ஒலிக்கும். மோட்டர் மட்டுஞ் சுழலாது. குளத்தில் நீர் உண்டு, துருசுதான் அடைபட்டது. மீக்கொள்ளளவியோ நுண்டுளை மலிந்த கரியின் பரப்பில் மின்னேற்றத்தை அவ்வண்ணமே தாங்கி, நிறைகுடத்தைக் கவிழ்த்தாற்போல் ஒரு கணத்திற் கொட்டிவிடும். இதன் மூலக்கருத்துக்கு அமெரிக்காவில் 1957இல் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. 2010இல் பிரான்சின் சித்ரோவென் வண்டிகள் சில, தரிப்பில் எந்திரம் அணைந்து மீண்டும் இயங்குதற்கு இதனையே பயன்படுத்தின.

ஒரு கலம் ஏறக்குறைய 2.7 உவோற்றே தாங்கும். ஆறு கலங்களைத் தொடராய் இணைத்தால் 16.2 உவோற்று, வண்டியின் மின்பிறப்பாக்கி வழங்கும் 14.5 உவோற்றுக்கு இது போதும். 350 பரட்டுக் கலங்கள் ஆறு தொடரில் 58 பரட்டாகக் குறையும் என்பதை மாணவர் தாமே கணித்துக்கொள்வர். 12.6 உவோற்றில் அதிலுள்ள சக்தி 4,600 யூல். 45 அம்பியர்மணிப் பற்றரியிலோ 19 இலட்சம் யூலுக்கு மேல். ஒரு செக்கன் 150 அம்பியர் எடுத்தாலே கொள்ளளவியின் அழுத்தம் 2.6 உவோற்று இறங்கிவிடும். எனவே அது தனித்து நின்று ஓரிருமுறை எந்திரத்தைச் சுழற்றும், அவ்வளவே. ஆயினும் சமாந்தரமாய் நிற்கும் நலிந்த பற்றரி சிறிது நேரத்தில் அதனை மீள நிரப்பும்.

நிரப்புதற்குப் பற்றரியில் ஏதேனும் இருத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் வண்டிகள் வாரக்கணக்கில் முற்றத்தில் நின்றன. அவ்வாறு பற்றரி வற்றுமாயின், உடனிணைந்த கொள்ளளவியும் அதனோடு சேர்ந்து வற்றும். சிலர் இதனைப் பற்றரிக்குப் பதிலாகவே வாங்க எண்ணுகின்றனர். அது வீண்செலவு என்பதே எம் கருத்து.

இணைக்கும் முறையிற் பெருங்கவனம் வேண்டும். வெறுமையான கொள்ளளவியை நேரே பற்றரியில் தொடுத்தல் குறுஞ்சுற்றுக்கு ஒப்பாகும். பொறி பறந்து முடிவிடம் உருகவுங்கூடும். வண்டியின் 12 உவோற்று மின்குமிழொன்றை இடையில் வைத்து ஏற்றுக. குமிழ் மங்கி அணைந்தபின் நேரே இணைக்கலாம். கைவிரல் மோதிரத்தை முன்னரே கழற்றிவிடுக. கலங்களிடையே அழுத்தம் சமனாய்ப் பங்கிடப்படுதற்குச் சமன்படுத்துஞ் சுற்றும் இன்றியமையாதது. சாதாரணக் கலங்கள் 65 பாகை செல்சியசுக்கு மேல் தாங்கா. எம் நாட்டு வெயிலில் எந்திரத்தின் அருகே அவ்வெப்பம் எளிதில் எட்டும். ஆகையால் எந்திரத்திற்குச் சற்று விலகிய இடத்தில், தடித்த செப்புக் கம்பியாற் பொருத்துவதே தக்கது.