மிளகாய் தணிக்கும் வலி

மூலனூர் வட்டாரத்துக் குடும்பங்களில் அக்கி என்னும் நோயை அறியாதார் இலர். உடம்பின் ஒரு பக்கமாய்க் கொப்புளங்கள் தோன்றியதும், செம்மண் குழம்பால் அக்கி எழுதும் வழக்கம் தமிழகத்துச் சிற்றூர்களில் நெடுங்காலமாய் உண்டு. எழுதினாலும் எழுதாவிடினும் அவை சில வாரங்களில் ஆறிவிடுகின்றன. ஆனால், முதியோர் சிலருக்கு அதன் பின்னும் மாதக்கணக்கில் எரிச்சலும் குத்தலும் நீங்குவதில்லை. மேலாடை உரசினாலே துடித்துப்போவர். புண் ஆறியபின் வலி ஏது என வீட்டார் கடிந்துகொள்வது அவர்களுக்கு இரண்டாம் வலி. அவ்வலி பொய்யன்று, நரம்பு பழுதுபட்டதன் விளைவு.

இத்தகைய வலிக்கும், பருத்திக் காட்டிலும் நூற்பாலையிலும் உழைத்துத் தேய்ந்த முழங்காலின் வலிக்கும் மருத்துவர் எழுதித்தரும் களிம்புகளுள் ஒன்று, நாம் அன்றாடம் குழம்பிற்கு அரைக்கும் மிளகாயிலிருந்து பிறந்ததாகும். மிளகாயின் காரப்பொருளுக்குக் 'காப்சைசின்' என 1876-இல் பெயரிட்டவர் ஜான் கிளஃப் திரெஷ் என்னும் ஆங்கிலேயர். அப்பொருள், நரம்பு நுனியில் சூட்டை உணரும் வாயிலைத் திறக்கிறது. அதனால்தான் மிளகாய் பட்ட இடம் நெருப்புப் பட்டதுபோல் எரிகிறது. 1997-இல் இவ்வாயிலைக் கண்டறிந்து அறிவித்த டேவிட் ஜூலியஸ், 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். களிம்பைத் தொடர்ந்து பூசிவர, அந்நரம்பு நுனிகள் ஓய்ந்து, வலிச் செய்தி அனுப்புவதைக் குறைத்துக்கொள்கின்றன.

ஆகவே ஒருநாள் பூசிப் பார்த்துப் பயனில்லை என்று ஒதுக்குவது தவறு. காரப்பொருள் 0.025 அல்லது 0.075 விழுக்காடே கலந்த இக்களிம்பை, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறையாகச் சில வாரங்கள் பூசவேண்டும். தொடக்கத்தில் நன்றாகவே எரியும். அதற்கு அஞ்சி நிறுத்திவிடுவோர் பலர். எல்லார்க்கும் இது பயன் தருவதுமில்லை. பயன் தந்தாலும் வலியைத் தணிக்குமேயன்றித் தேய்ந்த மூட்டை வளர்க்காது.

மிளகாய்தானே என்று வீட்டிலேயே அரைத்துப் பூசுவாருக்குத் தோல் வெந்து கொப்புளிக்கும். அக்கிப் புண் முற்றும் ஆறுமுன் களிம்பும் ஆகாது. நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடவேண்டாம். பூசுமுன்னும் பின்னும் வெந்நீர்க் குளியல் எரிச்சலைப் பெருக்கும். பூசிய கையைச் சோப்பிட்டுக் கழுவியபின்னரே பேரக்குழந்தையைத் தூக்கவேண்டும். மிளகாய் கிள்ளிய கையால் கண்ணைக் கசக்கிவிட்ட தாய்மார்களுக்கு இதன் காரணத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.