கொழும்பில் ஒரு தேவாரத்துக்காரன்!

"வெளிநாட்டுக்கு டிரெயினிங் போறேன்" என்றதும் எங்கள் தேவாரம் டீக்கடை பெஞ்ச் எழுந்து நின்றுவிட்டது. "கொழும்பு" என்றதும் உட்கார்ந்துவிட்டது! "மதுரையில ஏறி மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்கிறதுக்குள்ள இறக்கி விட்ருவானே, இதெல்லாம் ஒரு வெளிநாடா?" என்றார் ஒரு பெரியவர்.

நான் போனது 2022 பிப்ரவரி. ஆறு மாத இன்டர்ன்ஷிப். ஒழுங்காக முடித்தால் வேலை நிச்சயம். முடிக்காவிட்டால் லேப்டாப் வாங்கிய கடனை, ஏலக்காய் ஸ்டோரில் அப்பா வாங்கும் கூலிதான் அடைக்க வேண்டும். கம்ப்யூட்டர் வேலைக்குக் கரண்டும் நெட்டும் வேண்டுமே... இரண்டும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அங்கே இறங்கினேன்.

இலங்கையிடம் டாலர் இல்லை. அதனால் எண்ணெய் இல்லை. மழை இல்லாததால் நீர்மின் அணைகளிலும் தண்ணீர் குறைவு. சில மணி நேரத்தில் ஆரம்பித்த கட், மார்ச் 30-ல் பத்து மணி நேரம், 31-ல் பதிமூன்று மணி நேரம் என்று ஏறியது. பங்குச் சந்தையே இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது என்றால் என் லேப்டாப் எம்மாத்திரம்? ஊரை ஏ, பி, சி என்று பிரித்து அட்டவணை போடுவார்கள். நாம் ராசிபலன் பார்ப்பதுபோல வெள்ளவத்தை வீட்டுக்கார அன்ரி தினமும் என்னிடம் பலன் கேட்பார். "தம்பி, இண்டைக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகுதாம்?"

எனக்கு இருட்டு புதுசில்லை ஸார். 2012-ல் சென்னைக்காரர்கள் இரண்டு மணி நேர கட்டுக்குப் புலம்பியபோது, வெளி மாவட்டங்களில் நாங்கள் பாதி நாள் விசிறி மட்டையோடு இருந்தோம். காய் உலர்த்தும்போது பாதியில் சூடு நின்றால் பச்சை நிறம் போச்சு. நிறம் போனால் போடி ஏலத்தில் விலையும் போச்சு. அதனால் அப்பா விறகை அடுக்கி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். நானும் கரண்ட் இருக்கும்போதே தேவையான ஃபைல்களையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டேன். கட் நேரத்தில் நெட் இல்லாமல் புரோகிராம் எழுதுவது, வந்ததும் அனுப்புவது.

ஆனால் செல்போன் சிக்னலும் படுத்துவிட்டது! கரண்ட் போனால் டவர் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடும். பிறகு ஜெனரேட்டர் வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். டீசலுக்கோ மைல்கணக்கில் க்யூ.

வழி சொன்னவன் கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்து நண்பன். அவன் அப்பா காலத்தில், 90-களில், அங்கே வருஷக்கணக்கில் கரண்டே கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட பரம்பரை! "மச்சான், ரவுட்டருக்கு இன்வர்ட்டர் எதுக்கு? அது பன்ரெண்டு வோல்ட் தானே?" என்றான். ஃபைபர் லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலும் நம் வீட்டிலும் கரண்ட் இருந்தால் போதும், நடுவில் வேண்டியதில்லை. 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் சீல்டு பேட்டரி ஒன்றை வாங்கி மாட்டினோம். ரவுட்டர் தின்பது பத்து வாட்டுக்குள். ஆறேழு மணி நேரம் தாங்கியது. (உங்கள் ரவுட்டரின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். 9 வோல்ட், 5 வோல்ட் ஜாதியும் உண்டு. புகை வந்தால் நான் பொறுப்பல்ல! இப்போது ரெடிமேடாகவே 'மினி யூ.பி.எஸ்.' கிடைக்கிறது, அதுவே உத்தமம்.)

ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை காலைக்குள் முக்கியமான பகுதியை ஒப்படைக்க வேண்டும். முந்தைய நாள்தான் அந்தப் பதிமூன்று மணி நேரம்! காலி வீதியில் ஒரு வெளிச்சம் இல்லை. திரை வெளிச்சத்தைக் குறைத்து, பேட்டரி ஒன்பது சதவீதம் காட்டும்வரை தட்டினேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு அனுப்பினேன். 'சென்ட்' என்று வந்தபோது அன்ரி மெழுகுவத்தியோடு வாசலில். "முடிஞ்சுதோ?" என்றார். அவரும் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரசாங்கம் வாட்ஸப், ஃபேஸ்புக்கையெல்லாம் பதினைந்து மணி நேரம் முடக்கியது. எங்கள் ஆபீஸ் குரூப்பே வாட்ஸப்பில்தான். அந்த வருஷத்தில் நான் அனுபவித்த ஒரே நிஜமான ஞாயிற்றுக்கிழமை அது.

வேலை கிடைத்தது. கடனும் தீர்ந்தது. பேட்டரியை அன்ரிக்கே கொடுத்துவிட்டு வந்தேன். ஊர் வந்த மறுவாரமே போன்: "தம்பி, உந்தப் பெட்டிக்குத் தண்ணி விடவேணுமோ?"